வேலை பார்க்கும் பட்டறையில் மெல்ல வந்த பிரியம்: சொல்லலாமா, அப்படியே விட்டுவிடலாமா?

#1 சிட்டைப்புத்தகம் | ஜூன் 14, இரவு 10:52

ரொம்ப நாளாக இங்கே படிப்பதோடு சரி. இன்றுதான் எழுதுகிறேன். நீளமாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு வயது 30. காரைக்குடிப் பக்கம். ஆத்தங்குடி டைல்ஸ் செய்யும் ஒரு பட்டறையில் நான்கு வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். குடும்பத் தொழில். பெரியவர் காலமாகிவிட்டார். மூத்த மகன் ஆர்டர், பணம், லாரி பார்ப்பார். இளையவர் பட்டறைக்குள்ளேயே இருப்பார். வீடும் பட்டறையும் ஒரே சுற்றுச்சுவருக்குள். மதியம் வீட்டுக்குள் ஆச்சி (பெரியவரின் மனைவி) தாளிக்கும் வாசனை என் மேசை வரைக்கும் வரும்.

அந்த இளையவரைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

நான் சேர்ந்த புதிதில் அவர் வேலை செய்வதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பேன். கண்ணாடித் துண்டைத் துடைத்து, அதன்மேல் இரும்புச் சட்டம் வைத்து, சட்டத்துக்குள் பூ அச்சை இறக்குவார். ஒவ்வொரு கட்டத்திலும் வண்ணச் சிமெண்டுக் குழம்பைக் கரண்டியால் ஊற்றிவிட்டு அச்சை மேலே தூக்குவார். கை கொஞ்சம் ஆடினாலும் பச்சையும் மஞ்சளும் ஒன்றுக்குள் ஒன்று ஓடிவிடும். அப்புறம் உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, கலவை போட்டு மட்டம் தட்டுவார். சூளை எதுவும் கிடையாது. தொட்டித் தண்ணீரில் நாள்கணக்கில் ஊற வேண்டும், அப்புறம் காய வேண்டும். கண்ணாடியிலிருந்து பிரிக்கிற அன்றுதான் முகம் தெரியும். அதுவரை செய்தவருக்கே அதன் முதுகுதான் தெரியும்.

முதல் இரண்டு வருடம் எங்களுக்குள் பேச்சே உடைசல் கணக்குதான். 'இன்னிக்கு எத்தனை உடைசல்ணே?' 'ஒம்பதும்மா.' அவ்வளவுதான். சாயங்காலம் எனக்கு ஐந்தே முக்கால் பஸ். உடைசலை எண்ணி முடிக்கும்வரை காத்திருந்து பல நாள் அந்த பஸ்ஸைத் தவறவிட்டிருக்கிறேன். ஒருநாள் பார்த்தால், ஐந்தரைக்கே என் மேசையில் ஒரு துண்டுத்தாள். அவர் கையெழுத்தில் அச்சு வாரியாக எத்தனை போட்டது, எத்தனை உடைந்தது. அன்றிலிருந்து தினமும் வைக்கிறார். ஒருநாள்கூட அதைப் பற்றிப் பேசியதில்லை. நானும் கேட்கவில்லை. மூன்று வருடத் துண்டுத்தாளும் என்னிடம் இருக்கிறது. பதிவேட்டில் ஏற்றிய பிறகு கிழித்துப் போட வேண்டியவைதான், போடவில்லை.

இன்னொன்று. எல்லோரையும் போல அவரையும் 'அண்ணே' என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். போன வருடம் ஏதோ ஒரு நாளில் அது நின்றுவிட்டது. நானாக நிறுத்தவில்லை, வாயில் வரவில்லை. இப்போது அவரைக் கூப்பிடச் சொல்லே இல்லாமல் பேசிக்கொண்டிருக்கிறேன். 'இந்த பில்லு' என்று ஆரம்பிப்பேன், இல்லையென்றால் அருகில் போய் நிற்பேன். மூத்தவரை இன்றும் அண்ணே என்றுதான் கூப்பிடுகிறேன். அதில் ஒரு தடங்கலும் இல்லை.

அவர்கள் வேறு சாதி, நாங்கள் வேறு. அதை மறைத்து எழுதுவதில் பயனில்லை. அப்பா தறியில் கண்டாங்கிச் சேலை நெய்தவர், இப்போது கண் சரியில்லை. தங்கை கல்லூரியில் படிக்கிறாள். என் சம்பளம் 16,000, மாதக் கடைசியில் கவரில் வரும். இந்த வேலை போனால் எங்கள் வீட்டில் அடுப்பே யோசித்துத்தான் எரியும்.

அவர் மனதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. சொல்வதா, இப்படியே விடுவதா?

#2 கண்டாங்கி | ஜூன் 14, இரவு 11:20

மூன்று வருடத் துண்டுத்தாளைப் பத்திரமாக வைத்திருக்கிறாய். அவரும் மூன்று வருடமாக எழுதி வைக்கிறார். இதற்குமேல் என்ன தெரிய வேண்டும், தங்கச்சி?

ஆனாலும் அவசரப்படாதே. நானும் இப்படித்தான். காரைக்குடியில் ஒரு பலகாரக் கடையில் பேக்கிங்குக்குச் சேர்ந்து, அந்த வீட்டுக்கே மருமகளானவள். என் கதையை அப்புறம் எழுதுகிறேன், இப்போது கல்யாண ஆர்டருக்கு மணகோலம் சுட்டுக்கொண்டிருக்கிறார்கள், போய் நிற்க வேண்டும். ஒன்று மட்டும் சொல்: நீங்கள் இருவரும் பேசினால் பட்டறையில் மற்றவர்கள் பேச்சை நிறுத்துகிறார்களா?

#3 நேர்பேச்சு | ஜூன் 15, காலை 7:05

முதலில் வேறு வேலை தேடுங்கள். அப்புறம் காதலைப் பற்றி யோசியுங்கள். சம்பளம் கொடுக்கிற வீட்டில் காதல் என்பது கயிற்றின்மேல் நடப்பது. விழுந்தால் நீங்கள் மட்டும்தான் விழுவீர்கள். இது என் தீர்மானமான கருத்து.

#4 சிட்டைப்புத்தகம் | ஜூன் 15, இரவு 9:40

@கண்டாங்கி அக்கா, இல்லை, யாரும் பேச்சை நிறுத்துவதில்லை. வண்ணம் கலக்கும் அக்காமார் மட்டும் சில சமயம் சிரிப்பார்கள்.

@நேர்பேச்சு, நீங்கள் சொல்வது எனக்கும் தோன்றியிருக்கிறது. ஆனால் இந்த வேலை எனக்குப் பிடித்த வேலை. எந்த அச்சு எந்த ஊருக்குப் போகிறது, எந்த மேஸ்திரி கடன் சொல்வார், எல்லாம் எனக்குத் தெரியும். ஒருவரைப் பிடித்துவிட்டது என்பதற்காக நான்கு வருட வேலையை நானே ஏன் விட வேண்டும்?

#5 பெட்டியடி | ஜூன் 16, காலை 5:48

அம்மா, நான் தேவகோட்டைக்காரன். 74 வயது. பேங்கில் இருந்து ஓய்வு பெற்றவன். என் பெயரைப் பார்த்தால் உங்கள் வயதுக்காரர்களுக்கு என்னவென்று தெரியாமல் இருக்கலாம். என் ஐயா பர்மாவில் ஒரு கடையில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவர். பணப்பெட்டி பக்கத்தில் உட்கார்ந்து எடுபிடி வேலை பார்த்து, அடுத்தாள் ஆகி, மேலாள் ஆனார். மூன்று வருடம் அங்கே, அப்புறம் ஊர். 1942-இல் யுத்தத்தில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு நடந்தே வந்தவர்களில் அவரும் ஒருவர்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், அந்தக் காலத்தில் கடைக்கு ஆள் எடுப்பது பெரும்பாலும் உறவுக்குள்தான். பங்காளி மகன், மச்சான் தம்பி. அப்படியிருந்தும் சம்பளச் சீட்டு எழுதாமல் கப்பல் ஏற்ற மாட்டார்கள். எத்தனை வருடம், எவ்வளவு சம்பளம், எவ்வளவு முன்பணம், எல்லாம் அந்தச் சீட்டில் இருக்கும். சொந்தக்காரன்தானே, வாய்ப்பேச்சு போதாதா என்று யாரும் கேட்டதில்லை. சொந்தக்காரன் என்பதால்தான் எழுத வேண்டும் என்பார் ஐயா. உறவு முறிகிற அன்றைக்கும் கணக்கு முறியக் கூடாது.

உனக்குக் கவரில் சம்பளம் வருகிறது என்று எழுதியிருக்கிறாய். நியமனக் கடிதம் இருக்கிறதா? இல்லையென்று நினைக்கிறேன். பிரியம் இருக்கட்டும், அது ஓடிப் போகாது. நான்கு வருடம் அங்கே வேலை செய்தாய் என்பதற்கு ஒரு தாள் உன் கையில் இருக்க வேண்டும். முதலில் அதைக் கேட்டு வாங்கு.

#6 செக்காலைக்காரன் | ஜூன் 17, இரவு 12:31

இதை யாரிடமும் சொன்னதில்லை. இந்த இழையைப் படித்ததிலிருந்து தூக்கம் வரவில்லை.

எங்களுக்குப் பாத்திரக்கடை. நான் முதலாளி வீட்டுப் பையன். பில் போடும் இடத்தில் ஒரு பெண் ஆறு வருடம் இருந்தாள். ஆறு வருடமும் நான் வாயைத் திறக்கவில்லை. மரியாதையாக நடந்துகொள்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், கடைப் பையன்களுக்கும் தெரியும். கடைசியில் யாரோ அப்பாவின் காதில் போட்டார்கள். அப்பா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு திங்கட்கிழமை காலையில் அவளை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். நான் குடோனில் டிபன் கேரியர் எண்ணிக்கொண்டிருந்தேன். விஷயம் தெரிந்த பிறகும் எண்ணி முடித்துவிட்டுத்தான் வெளியே வந்தேன்.

அவளுடைய குடையும் சாப்பாட்டு டப்பாவும் கடையிலேயே இருந்தன. ஒரு வாரம் கழித்து அவள் தம்பி வந்தான். நான்தான் எடுத்துக் கொடுத்தேன். டப்பாவை யாரோ கழுவி வைத்திருந்தார்கள்.

வேலை போனது அவளுக்கு. எனக்கு ஒன்றும் போகவில்லை. இன்றும் அதே கல்லாவில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

சகோதரி, நீங்கள் சொல்லாதீர்கள். உங்களுக்குத் தைரியம் இல்லை என்று நான் நினைக்கவில்லை. இதில் முதலில் பேச வேண்டியவர் அவர்தான், அதுவும் உங்களிடம் பேசுவதற்கு முன்னால் அவர் வீட்டில் பேச வேண்டும். இழக்க எதுவும் இல்லாதவன் இருட்டில் நின்றுகொண்டு, இழக்கப் போகிறவளை வெளிச்சத்தில் நிறுத்தக் கூடாது.

#7 நேர்பேச்சு | ஜூன் 17, காலை 8:15

@செக்காலைக்காரன், படித்தேன். மனது கனத்துவிட்டது. நீங்கள் சொல்வதை ஏற்கிறேன். ஆனால் அவர் பேசுவார் என்று எத்தனை வருடம் காத்திருப்பது? 30 வயதுப் பெண்ணுக்கு வீட்டில் வரன் பார்க்காமலா இருப்பார்கள்?

#8 கண்டாங்கி | ஜூன் 17, பிற்பகல் 3:10

சரி, இப்போது என் கதை.

பேக்கிங்கில் இரண்டு வருடம் இருந்தேன். தேன்குழல் நொறுங்காமல் டப்பாவில் அடுக்குவது ஒரு கலை. சிங்கப்பூருக்குப் போகிற டப்பாவைத் திறக்கும்போது முழுதாக இருக்க வேண்டும். அதை என் மாமியார்தான் கற்றுக்கொடுத்தார். அவர் மகனோடு எனக்குப் பழக்கம் வந்ததும் அந்த அடுக்குகிற மேசையில்தான். வீட்டில் சொன்னார், ஒரு வருடம் சண்டை நடந்தது, கல்யாணம் ஆனது. எல்லாம் நல்லபடியாகத்தான் முடிந்தது.

ஆனால் யாரும் எனக்கு முன்கூட்டியே சொல்லாதது ஒன்று உண்டு. கல்யாணம் ஆன மாதத்திலிருந்து என் சம்பளம் நின்றது. வேலை நிற்கவில்லை. காலை நான்கு மணிக்கு மாவு சலிப்பதிலிருந்து ராத்திரி கணக்கு முடிப்பது வரை இருமடங்கு ஆனது. 'உன் கடைதானே' என்பார்கள். என் கடை என்றால் என் அம்மாவுக்கு ஒரு புடவை எடுக்க எதற்காக நான் கணவரிடம் கேட்க வேண்டும்? ஏழு வருடம் கழித்துத்தான் வாயைத் திறந்தேன். கோபப்படவில்லை, கணக்குப் போட்டுக் காட்டினேன். இப்போது மாதாமாதம் என் பெயரில் பேங்கில் விழுகிறது. மாமியாரே அதை ஞாபகப்படுத்துகிறார்.

தங்கச்சி, பெட்டியடி ஐயா சொன்ன சீட்டு வேலைக்காரிக்கு மட்டும் இல்லை, மருமகளுக்கும் வேண்டும். அதையும் மனதில் வை.

#9 சிட்டைப்புத்தகம் | ஆகஸ்ட் 9, இரவு 11:35

இரண்டு மாதமாக எழுதவில்லை. மன்னிக்கவும். இந்த வாரம் நடந்ததைச் சொல்கிறேன்.

கொச்சிக்கு ஒரு பெரிய ஆர்டர் போனது. பத்து அங்குலப் பூ டைல்ஸ், ஒரு பழைய வீட்டை ஓட்டலாக மாற்றுகிறார்கள். போன வாரம் அங்கிருந்து போட்டோ வந்தது. விரலால் தேய்த்தால் மேல்பக்கம் மாவு மாதிரி உதிர்கிறது. ஓரம் பொடிகிறது. மூத்தவருக்குக் கோபம். கலவை போட்ட இரண்டு பேர்மேல் தப்பு என்று சொல்லி, அவர்கள் கூலியில் பிடிக்கச் சொன்னார். இருவரும் பெரியவர் காலத்திலிருந்து இருப்பவர்கள்.

என்னிடம் தொட்டிப் பதிவேடு இருக்கிறது. எந்த அடுக்கு எந்தத் தேதியில் தண்ணீருக்குள் போனது, எந்தத் தேதியில் வெளியே வந்தது என்று நான்தான் எழுதுவேன். அந்த அடுக்கு, வர வேண்டிய நாளுக்கு இரண்டு நாள் முன்னாலேயே வெளியே வந்திருக்கிறது. லாரி கிடைத்துவிட்டது என்று மூத்தவர்தான் எடுக்கச் சொன்னார். அதுவும் எழுதியிருக்கிறது. ஊறாத சிமெண்டு உதிரத்தான் செய்யும். கலவையில் குறை இல்லை.

நோட்டை எடுத்துக்கொண்டு போய் மேசையில் வைத்தேன். கை நடுங்கியது. 'அண்ணே, கூலி பிடிக்கிறதுக்கு முன்னாடி இதைப் பார்த்துருங்க' என்றேன். மூத்தவர் படித்தார். அதற்குள் இளையவர் வந்துவிட்டார். அவரும் எட்டிப் பார்த்தார். 'நோட்டு சொல்றது சரிண்ணே. கூலி பிடிக்க வேணாம். கொச்சிக்கு வேற போட்டு அனுப்பிருவோம்' என்றார்.

மூத்தவர் நிமிர்ந்து, 'மரியாதை நோட்டுக்கா, நோட்டு எழுதுறவங்களுக்கா?' என்று கேட்டார்.

பட்டறையில் எல்லாக் கையும் நின்றது. கண்டாங்கி அக்கா கேட்டீர்களே, பேச்சை நிறுத்துகிறார்களா என்று. அன்றைக்கு நிறுத்தினார்கள்.

இளையவர் ஒன்றும் சொல்லவில்லை. நோட்டை மூடி என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனார். எனக்கு அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. அவர் ஏதாவது சொல்லியிருக்கலாம் என்று இருந்தது. சொல்லாததும் நல்லது என்று இருந்தது.

#10 பெட்டியடி | ஆகஸ்ட் 10, காலை 5:30

நோட்டை எடுத்து வைத்தாயே, அதற்காக உன்னை எத்தனை பாராட்டினாலும் தகும். இரண்டு குடும்பத்தின் கூலி அது. எழுதியதை எழுதியபடி வைத்திருக்கிற கணக்குப்பிள்ளை கிடைப்பது அந்த வீட்டுக்குப் பாக்கியம்.

மூத்தவர் வார்த்தையை நெஞ்சில் வைக்காதே. தன் தப்பு எழுத்தில் தெரிந்துவிட்ட மனிதர் அப்படித்தான் பேசுவார். ஆனால் இனிமேல் இது மூடி வைக்கிற விஷயம் இல்லை. அந்த வார்த்தை வாய்விட்டு வந்துவிட்டது.

#11 நேர்பேச்சு | ஆகஸ்ட் 10, காலை 9:02

எனக்கு இளையவர்மேல் கோபம்தான் வருகிறது. அவ்வளவு பேர் முன்னால் ஒரு பெண்ணைச் சொல்லும்போது வாயை மூடிக்கொண்டு போவதா?

#12 செக்காலைக்காரன் | ஆகஸ்ட் 10, இரவு 10:44

@நேர்பேச்சு, அந்த இடத்தில் அவர் பதில் சொல்லியிருந்தால் அண்ணன் தம்பிச் சண்டை ஆகியிருக்கும், நடுவில் இவர் பெயர் அடிபட்டிருக்கும். சபையில் சொல்லாதது தப்பில்லை. வீட்டுக்குள் போயும் சொல்லாமல் இருந்தால்தான் தப்பு. நான் செய்தது அந்தத் தப்பு.

#13 கறுப்பு அங்கி | ஆகஸ்ட் 12, மாலை 6:20

உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் வக்கீல். எழுதியவருக்கு உதவும் என்று சில விஷயங்கள்.

பணியிடத்தில் பெண்கள்மீதான பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் இப்படிப்பட்ட சிறு பட்டறைகளுக்கும் பொருந்தும். பத்துப் பேரோ அதற்கு மேலோ இருந்தால் உள்ளே ஒரு குழு வேண்டும். அதற்குக் குறைவாக இருந்தாலோ, முதலாளிமீதே புகார் என்றாலோ, மாவட்ட அளவிலான குழுவிடம் போகலாம். இங்கே அப்படி எதுவும் நடந்ததாக நான் சொல்லவில்லை. ஆனால் ஒருவேளை அவர் சொல்லி, இவர் மறுத்து, அதனால் வேலையில் நெருக்கடி வந்தால், இவருக்கு ஒரு வாசல் இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

கல்யாணம் என்று வந்தால்: இருவரும் இந்துக்கள் என்றால் சாதி வேறாக இருப்பது சட்டத்துக்கு ஒரு பொருட்டே இல்லை. கோயிலில் செய்யலாம். தமிழ்நாட்டில் 1967-இல் இந்துத் திருமணச் சட்டத்தில் சேர்த்த 7-ஏ பிரிவின்படி, உறவினர், நண்பர் முன்னிலையில் மாலை மாற்றியோ, மோதிரம் அணிவித்தோ, தாலி கட்டியோ செய்துகொள்ளலாம். புரோகிதர் கட்டாயம் இல்லை. எப்படிச் செய்தாலும் பதிவு செய்துவிடுங்கள். 1954-ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டத்தின் கீழ் போனால் 30 நாள் அறிவிப்பு உண்டு, அது அலுவலகப் பலகையில் ஒட்டப்படும். வீட்டில் எதிர்ப்பு இருக்கிறவர்களுக்கு அந்த 30 நாள் எப்படிப்பட்டது என்று நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

#14 மட்டுறுத்துநர் | ஆகஸ்ட் 13, காலை 10:00

சாதி சொல்லித் திட்டிய இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். இன்னொரு முறை வந்தால் கணக்கே முடக்கப்படும்.

#15 சிட்டைப்புத்தகம் | அக்டோபர் 27, இரவு 11:58

நேற்று பேசினார்.

எல்லோரும் போன பிறகு இல்லை. வேலை நேரத்தில், பட்டறை நடுவில், பத்தடி தள்ளி நான்கு பேர் இருக்கும்போது. காட்சிக்கு வைக்கும் டைல்ஸை உமி போட்டுத் தேங்காயெண்ணெயில் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் ஆயுத பூஜைச் செலவுக் கணக்கைக் கேட்கப் போய் நின்றேன். வழக்கம்போல கூப்பிடச் சொல் இல்லாமல்.

கையை நிறுத்தாமலே சொன்னார்: 'நீங்க என்னய அண்ணேன்னு கூப்பிட்டு ஒரு வருசம் ஏழு மாசம் ஆச்சு.'

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. 'எப்பன்னு எனக்கே தெரியாது' என்றேன்.

'குன்றக்குடி பங்குனி உத்திரத்துக்கு லீவு விட்டோம்ல, போன வருசம். அது முடிஞ்சு வந்த அன்னைக்கு. மஞ்சள் பொடி பில்லு கேட்டீங்க. அண்ணேன்னு சொல்லாம கேட்டீங்க. அன்னைக்குச் சாயங்காலம் போட்ட டைல்ஸ்ல எட்டு உடைசல்.'

வீட்டுக்கு வந்து அந்தத் தேதித் துண்டுத்தாளை எடுத்துப் பார்த்தேன். எட்டுதான்.

அப்புறம் அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், மறந்துவிடக் கூடாது என்பதற்காக. 'நான் ஆவணியிலயே ஆச்சிக்கிட்டயும் அண்ணன்கிட்டயும் சொல்லிட்டேன். ரெண்டு பேரும் இன்னும் சரின்னு சொல்லல. ஆனா இன்னொன்னுக்கு அண்ணன் சரின்னுட்டாரு. இந்த மாசத்துலருந்து எல்லாருக்கும் பேங்க்லதான் சம்பளம், எல்லாருக்கும் லெட்டர் உண்டு. உங்களுக்கும்தான். நீங்க என்னய வேணாம்னு சொன்னாலும் அந்த லெட்டர் செல்லும். அது வந்தப்புறம் சொல்லணும்னுதான் இருந்தேன். நேத்து கையெழுத்தாயிருச்சு.'

கடிதம் என் மேசை இழுப்பறையில் இருந்தது. சேர்ந்த தேதி நான்கு வருடத்துக்கு முந்தைய தேதிதான். சம்பளம் 19,500.

நான் ஒன்றும் பதில் சொல்லவில்லை. 'பூஜைச் செலவு எவ்வளவு' என்று மட்டும் கேட்டேன். சொன்னார். எழுதிக்கொண்டேன். பஸ்ஸில் வரும்போதுதான் அழுகை வந்தது.

#16 செக்காலைக்காரன் | அக்டோபர் 28, இரவு 12:09

மூன்று தடவை படித்துவிட்டேன். அவரை எனக்குத் தெரியாது. ஆனாலும் அவர் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருக்கிறது.

#17 நேர்பேச்சு | அக்டோபர் 28, காலை 6:50

ஆகஸ்டில் அவரைப் பற்றி எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். வீட்டுக்குள் போய்ப் பேசியிருக்கிறார்.

#18 கண்டாங்கி | அக்டோபர் 28, காலை 11:15

அழுதாயா, சரி. இனி பதில் சொல்ல எத்தனை நாள் எடுத்தாலும் எடுத்துக்கொள். அவர் ஒரு வருடம் ஏழு மாதம் எண்ணியவர், இன்னும் கொஞ்சம் எண்ணுவார். உன் அப்பா அம்மாவிடம் நீதான் சொல்ல வேண்டும், வேறு யார் வாயாலும் அவர்கள் காதுக்குப் போகக் கூடாது.

#19 சிட்டைப்புத்தகம் | நவம்பர் 16, இரவு 9:25

அப்பாவிடம் சொன்னேன். அம்மா அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அப்பா ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, 'அந்தப் பையன் கையால வேலை செய்யுறவனா, மேற்பார்வையா?' என்று கேட்டார். 'கையாலதான்ப்பா' என்றேன். 'அப்ப வரச்சொல்லு, பாப்போம்' என்றார். அம்மாவுக்குப் பயம் இருக்கிறது. ஊர் என்ன சொல்லும், அந்த வீட்டில் என்னை எப்படி வைப்பார்கள் என்று. அந்தப் பயத்தை நான் தப்புச் சொல்ல மாட்டேன்.

அவரிடம் சரி என்று சொல்லிவிட்டேன். ஆச்சி சம்மதிக்கிறவரை காத்திருப்போம் என்றும் சொன்னேன். ஓடிப்போய்ச் செய்துகொள்ள எனக்கு மனமில்லை. இரண்டு பக்கத்துச் சோறும் நான் சாப்பிட்டவள்.

#20 சிட்டைப்புத்தகம் | டிசம்பர் 27, இரவு 10:40

நேற்று முன்தினம் ஆச்சி அலுவலக அறைக்கு வந்தார். இந்த நான்கரை வருடத்தில் முதல் தடவை. நாற்காலியில் உட்கார்ந்து மின்விசிறியை நிறுத்தச் சொன்னார். 'எங்க வீட்டு ஐயா காலத்துல பேரேட்டுல முதல் பக்கம் மகமைக்குன்னு இருக்கும். இப்ப இருக்காத்தா?' என்று கேட்டார்.

மகமை என்றால் தர்மத்துக்கென்று ஒதுக்கி வைப்பது. இருக்கிறது. நான் சேர்ந்தபோது பழைய பேரேடுகளில் பார்த்துவிட்டுக் கம்ப்யூட்டர் கணக்கிலும் அதைத் தனித் தலைப்பாகத் தொடர்ந்துகொண்டிருக்கிறேன். யாரும் சொல்லவில்லை, விட்டுவிட மனம் வரவில்லை. வருடவாரியாக அச்செடுத்துக் காட்டினேன். எந்தக் கோயிலுக்கு எவ்வளவு, எந்தப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடச் செலவு எவ்வளவு. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரல் வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். கடைசி வரியில் கொஞ்ச நேரம் விரலை வைத்திருந்தார். அது பெரியவர் இறந்த வருடம்.

எழுந்து போகும்போது, 'இன்னைக்குப் பிள்ளையார் நோன்பு. சாயங்காலம் வீட்டுக்கு வந்துட்டுப் போத்தா' என்றார்.

நோன்பு தெரியாதவர்களுக்கு: திருக்கார்த்திகைக்குப் பிறகு 21 நாள். புதுத்துணியிலிருந்து பிரித்த 21 நூல் இழைகளைத் திரியாக்கி, மாவில் பதித்து, நெய்யில் ஏற்றி, சுடரோடு வாயில் போட்டுக்கொள்வார்கள். வீட்டில் மூத்தவர்கள் எடுத்துக் கொடுப்பார்கள். ஆவாரம்பூ வைத்திருந்தது. நான் முகப்பிலேயே நின்றேன். ஆச்சி வளவுக்குள், அதாவது உள்முற்றத்துக்குள், கூப்பிட்டார். எல்லோருக்கும் கொடுத்து முடித்துக் கடைசியில் என்னைப் பார்த்து, 'வாயைத் திற, பயப்படாத, சுடாது' என்றார். சுடவில்லை. நெய்யும் வெல்லமுமாக இறங்கியது.

மூத்தவர் தூணோரம் நின்றிருந்தார். இன்னும் என்னிடம் நேராகப் பேசவில்லை. ஆனால் நான் புறப்படும்போது மணி ஏழரை. 'கடைசி பஸ்ஸு போயிருக்கும், கார்ல கொண்டுபோய் விட்டுட்டு வரச் சொல்லு' என்று அவர் மனைவியிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

#21 பெட்டியடி | டிசம்பர் 28, காலை 5:20

மகமைக் கணக்கை விடாமல் வைத்திருந்தாய். ஆச்சி வந்து பார்த்தது உன்னைத்தான் அம்மா.

#22 கண்டாங்கி | டிசம்பர் 28, காலை 7:45

எனக்கு ஒன்றே ஒன்று தெரிய வேண்டும். இப்போது அவரை என்ன சொல்லிக் கூப்பிடுகிறாய்?

#23 சிட்டைப்புத்தகம் | டிசம்பர் 28, இரவு 9:10

இன்னும் ஒன்றும் சொல்லிக் கூப்பிடவில்லை அக்கா. இன்று மதியம் கொச்சி லாரி நின்றது. மாற்றிப் போட்ட டைல்ஸ், இந்தத் தடவை ஊற வேண்டிய அத்தனை நாளும் தொட்டியில் ஊறியது. பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தார். 'ஏங்க' என்று வாய்வரை வந்துவிட்டது. பக்கத்தில் ஆட்கள் இருந்தார்கள். 'லோடு சீட்டுல கையெழுத்துப் போடணும்' என்று முடித்துக்கொண்டேன்.